ஐந்து மில்லிகிராம் எங்கிருந்து வந்தது?

பிரிட்டனில் உடல் எடை கூடுதலான ஒரு பெண், பிள்ளை பெற்றுக்கொள்ள நினைத்து மருத்துவரிடம் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஃபோலிக் ஆசிட் எவ்வளவு எடுக்க வேண்டும் என்று கேட்டால் அவருக்கு இரண்டு விதமான பதில் கிடைக்கலாம். மகப்பேறு மருத்துவர்களுக்கான ராயல் கல்லூரி 2018-இல் வெளியிட்ட வழிகாட்டி, உயரத்தையும் எடையையும் வைத்துக் கணக்கிடும் பி.எம்.ஐ. 30 அல்லது அதற்கு மேல் உள்ளவர்கள் தினம் 5 மில்லிகிராம் எடுக்க வேண்டும் என்றது. கரு உண்டாவதற்கு ஒரு மாதம் முன்பே தொடங்கி, முதல் மூன்று மாதமும் விடாமல் எடுக்க வேண்டும். அதே நாட்டில் சிகிச்சை வழிகாட்டிகளை வகுக்கும் நைஸ் நிறுவனம் 2025 ஜனவரியில் வேறு சொன்னது. எடை ஒன்றுதான் காரணம் என்றால் மற்ற பெண்களைப் போலவே 400 மைக்ரோகிராம் போதும், அதற்கு மேல் தேவையில்லை என்றது. ஆயிரம் மைக்ரோகிராம் சேர்ந்தால்தான் ஒரு மில்லிகிராம். ஆக, முதல் பதில் இரண்டாவதைப் போல் பன்னிரண்டரை மடங்கு. பி.எம்.ஐ. 30 என்பது எங்கோ இருக்கும் எல்லையும் இல்லை. 160 சென்டிமீட்டர் உயரமுள்ள பெண் 77 கிலோ இருந்தால் அந்தக் கோட்டைத் தொட்டுவிடுவார். ஒரே பெண்ணுக்கு, ஒரே வைட்டமினுக்கு, பன்னிரண்டரை மடங்கு வேறுபாடு எப்படி வந்தது? இந்த எண்களின் பூர்வீகத்தைத் தேடிப் போனால், பெரிய எண் வேறு ஒரு கேள்விக்குக் கிடைத்த விடை என்பது தெரிகிறது.

இந்த வைட்டமினின், அதாவது ஃபோலேட்டின், கதையில் நம் ஊருக்கும் பங்கு உண்டு. லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1928-இல் இந்தியாவுக்கு வந்து, பம்பாயில் துணி ஆலைத் தொழிலாளர்களாக இருந்த கர்ப்பிணிகளுக்கு வரும் கடும் ரத்தசோகையை ஆராய்ந்தார். அவருடைய ஆய்வு குன்னூர் பாஸ்டர் நிலையத்திலும், சென்னைத் திருவல்லிக்கேணியில் இன்றும் மக்கள் கோஷா ஆஸ்பத்திரி என்றே சொல்லும் மருத்துவமனையிலும் நடந்தது. ஈஸ்ட்டிலிருந்து எடுக்கும் மலிவான மார்மைட் பசையைக் கொடுத்தால் அந்தச் சோகை தீர்கிறது என்று 1931-இல் அவர் அறிவித்தார். அதற்குள் இருந்தது எந்தச் சத்து என்று அப்போது தெரியவில்லை. 1941-இல் அமெரிக்காவில் கீரையிலிருந்து அதைப் பிரித்தெடுத்தவர்கள், இலையைக் குறிக்கும் லத்தீன் சொல்லை ஒட்டி ஃபோலிக் ஆசிட் என்று பெயரிட்டார்கள். செல் ஒன்று இரண்டாகப் பிரிவதற்கு முன் தன் டி.என்.ஏ.வைப் படியெடுக்க வேண்டும். அந்த வேலைக்கு ஃபோலேட் இல்லாமல் முடியாது. ரத்தம் ஊறும் எலும்பு மஜ்ஜையிலும், கருவிலும் செல்கள் பெருகும் வேகம் அதிகம் என்பதால் குறை முதலில் அங்கேதான் தெரியும்.

கருவில் அது மிகச் சீக்கிரம் தெரிந்துவிடுகிறது. மூளையும் தண்டுவடமும் ஆகப்போகும் திசு முதலில் தட்டையான ஓர் ஏடு போல இருக்கும். அதன் இரு ஓரங்களும் எழும்பி, வளைந்து, ஒன்றோடொன்று ஒட்டி நரம்புக்குழாயாகும். கருவுற்ற இருபத்தெட்டாம் நாளுக்குள் இந்தக் குழாய் மூடிவிட வேண்டும். கீழ்ப்பகுதியில் மூடாமல் போனால் முதுகுத்தண்டில் பிளவோடு குழந்தை பிறக்கும். கால்கள் செயலிழக்கலாம், சிறுநீரை அடக்க முடியாமல் போகலாம், தலையில் நீர் கோக்கலாம். மேற்பகுதி மூடாவிட்டால் மண்டையும் மூளையும் உருவாவதில்லை. அந்தக் குழந்தை பிழைப்பதில்லை. இந்த நாள் கணக்கை வீட்டுக் கணக்கோடு பொருத்திப் பார்க்க வேண்டும். மாதவிடாய் தள்ளிப்போனதை ஒரு பெண் கவனிக்கும்போது கருவுக்கு ஏறக்குறைய பதினான்கு நாள் வயது. இன்னும் இரண்டு வாரம்தான் மிச்சம். ஒரு வாரம் பொறுத்துப் பார்த்து, வீட்டில் பரிசோதித்து, மாமியாருக்கும் அம்மாவுக்கும் சொல்லி, நல்ல நாள் பார்த்து மருத்துவரிடம் போவதற்குள் குழாய் மூடியிருக்கும், அல்லது மூடாமலே போயிருக்கும். அன்று கையில் கிடைக்கும் மாத்திரை 400 மைக்ரோகிராம் ஆனாலும் 5 மில்லிகிராம் ஆனாலும் அந்தக் குழாயைப் பொறுத்தவரை இரண்டும் ஒன்றே.

இனி எண்ணுக்கு வருவோம். 1980-இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகர மருத்துவர் ரிச்சர்ட் ஸ்மித்தெல்ஸும் அவருடைய குழுவினரும், ஏற்கெனவே இந்த நரம்புக்குழாய்க் குறையோடு ஒரு பிள்ளையைப் பெற்ற தாய்மார்களுக்குப் பல வைட்டமின்கள் கலந்த மாத்திரையைக் கொடுத்தார்கள். மாத்திரை எடுக்காத தாய்மார்களிடம் நூற்றுக்கு ஐந்து என்ற அளவில் குறை திரும்ப வந்தது. எடுத்தவர்களிடம் நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. ஆனால் யாருக்கு மாத்திரை, யாருக்கு இல்லை என்பது குலுக்கல் முறையில் தீர்மானிக்கப்படவில்லை என்பதால் அந்த முடிவைப் பலர் ஏற்கவில்லை. ஐயத்தைத் தீர்க்க பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் குழு ஏழு நாடுகளில் 1,817 பெண்களைக் கொண்டு ஒரு பெரும் சோதனை நடத்தியது. அவர்களும் முன்பு பாதிக்கப்பட்ட பிள்ளையைப் பெற்றவர்களே. தோற்றால் அளவு போதவில்லை என்ற சாக்குக்கு இடமில்லாதபடி தினம் 4 மில்லிகிராம் கொடுத்தார்கள். 1991-இல் முடிவு வந்தது: பாதிப்பு 72 சதவீதம் குறைந்திருந்தது. மருத்துவ வரலாற்றில் தலைநிமிர்ந்து நிற்கும் சோதனை அது. 4 மில்லிகிராமில் மாத்திரை கிடைக்காததால் நடைமுறையில் அது 5 மில்லிகிராம் ஆனது. இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்தச் சோதனை 4 மில்லிகிராமை 400 மைக்ரோகிராமோடு ஒப்பிடவே இல்லை. ஃபோலிக் ஆசிட் இல்லாத மாத்திரையோடுதான் ஒப்பிட்டது. ஸ்மித்தெல்ஸ் கொடுத்த மாத்திரைகளில் ஒரு நாளுக்கு இருந்த ஃபோலிக் ஆசிட் 0.36 மில்லிகிராம் மட்டுமே. மிகுந்த ஆபத்தில் இருந்த தாய்மார்களுக்குக்கூடப் பெரிய அளவு கட்டாயமா என்ற கேள்வி தீராமலே, பெரிய எண் நிலைத்துவிட்டது.

சிறிய எண்ணின் பூர்வீகம் வேறு. ஹங்கேரியில் ஆண்ட்ரூ சைசல் 1992-இல், இதற்கு முன் பாதிப்பு இல்லாத பெண்களிடம் 0.8 மில்லிகிராம் கலந்த வைட்டமின் மாத்திரையைச் சோதித்தார். எடுத்த இரண்டாயிரத்துச் சொச்சம் பேரில் ஒரு குழந்தைக்கும் இந்தக் குறை வரவில்லை. மறுதரப்பில் ஆறு குழந்தைகளுக்கு வந்தது. பிறகு சீனாவில் ஏறத்தாழ இரண்டரை லட்சம் கர்ப்பங்களைத் தொடர்ந்த ஆய்வு 1999-இல் வெளிவந்தது. அங்கே கொடுத்தது வெறும் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் ஆசிட். பாதிப்பு அதிகமாக இருந்த வட பகுதியில் அது 79 சதவீதம் குறைந்தது. முன்பே குறைவாக இருந்த தென் பகுதியில் 41 சதவீதம். ஆக, பெரும்பாலான பெண்களுக்கு 400 மைக்ரோகிராம் வேலை செய்கிறது என்பதற்கு நேரடிச் சான்று உண்டு. எடை கூடியவர்களுக்கு 5 மில்லிகிராம் கூடுதலாகக் காக்கிறது என்று காட்டிய சோதனை ஒன்றுமில்லை. முன்பு பாதிக்கப்பட்ட தாய்மார்களுக்காக எழுதிய சீட்டை, ஆபத்து சற்று அதிகம் என்ற ஒரே ஒற்றுமையை வைத்து இன்னொருவர் கையில் கொடுத்திருக்கிறோம்.

ஆபத்து அதிகம் என்பது உண்மைதான், அதை மழுப்பக் கூடாது. 1996-இல் ஒரே இதழில் அடுத்தடுத்து வெளிவந்த இரண்டு அமெரிக்க ஆய்வுகள், தாயின் எடை கூடக்கூட இந்தக் குறையும் கூடுவதைக் காட்டின. பல ஆய்வுகளைச் சேர்த்துக் கணக்கிட்ட 2008-ஆம் ஆண்டுத் தொகுப்பின்படி, உடல் பருமன் உள்ளவர்களுக்கு 1.7 மடங்கு, மிகக் கடுமையான பருமனில் மூன்று மடங்கு. மடங்கு என்ற சொல் பயமுறுத்தும், அதனால் அதைத் தலைக்கணக்காக மாற்றிப் பார்ப்பது நல்லது. ஆயிரத்தில் ஒரு கர்ப்பத்துக்கு வரும் ஊரில் 1.7 மடங்கு என்றால் ஆயிரத்தில் இரண்டுக்கும் குறைவு. பருமனான தாய்மார்களில் மிகப் பெரும்பான்மையோர் இந்தக் குறை இல்லாத பிள்ளைகளையே பெறுகிறார்கள். எடையைக் காட்டிப் பெண்ணைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தும் பேச்சு நம் குடும்பங்களிலும் சில மருத்துவமனை அறைகளிலும் சர்வசாதாரணம் என்பதால் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

5 மில்லிகிராம் கட்சியின் வலுவான வாதம் அதே 1996 ஆய்வுகளில் ஒன்றிலிருந்து வருகிறது. தினம் 400 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ ஃபோலேட் பெற்ற பெண்களில், எடை 70 கிலோவுக்குக் கீழே இருந்தவர்களுக்கு ஆபத்து நாற்பது சதவீதம் குறைந்தது. அதற்கு மேல் இருந்தவர்களுக்கு அந்தப் பலன் தெரியவில்லை. சொம்பு நீரில் விழும் ஒரு சிட்டிகை மஞ்சள் நிறம் காட்டும். அண்டாவில் விழுந்தால் காட்டாது. ஆகவே பெரிய உடலுக்குப் பெரிய அளவு என்று வாதிட்டார்கள். கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால் அதே முடிவை இன்னொரு விதமாகவும் படிக்கலாம். பருமனான உடலில் குழாய் மூடாமல் போவதற்குக் காரணம் ஃபோலேட் பற்றாக்குறை அல்லாத வேறொன்றாக இருந்தால், ஃபோலேட்டை எவ்வளவு கூட்டினாலும் பலன் தெரியாதுதானே. அப்படி ஒரு காரணம் நம் கண்முன்னேயே இருக்கிறது: ரத்தச் சர்க்கரை. கர்ப்பத்துக்கு முன்பே சர்க்கரை நோய் இருந்து அது கட்டுக்குள் இல்லாவிட்டால் நரம்புக்குழாய்க் குறை அதிகம் வருகிறது என்பது நெடுநாளாகத் தெரிந்த செய்தி. பருமனும் சர்க்கரையும் கூடவே நடப்பவை. கண்டுபிடிக்கப்படாத சர்க்கரை இளம்பெண்களிடம் குறைவில்லை. கனடாவின் ஒன்டாரியோவில் கோதுமை மாவில் ஃபோலிக் ஆசிட் சேர்க்கத் தொடங்கிய பிறகு பொதுவான பாதிப்பு குறைந்தும், எடைக்கும் குறைக்கும் உள்ள தொடர்பு மட்டும் போகவில்லை என்று 2005-இல் வந்த ஆய்வு சொன்னது. அதையும் இரு விதமாகப் படிக்கலாம். எனக்கு இரண்டாவது வாசிப்பே அதிகம் பொருந்துவதாகப் படுகிறது.

அப்படிப் படுவதற்கு ரத்தப் பரிசோதனைகளும் காரணம். அண்டா உவமை சரியென்றால் பருமனான பெண்ணின் உடலில் ஃபோலேட் எங்கு அளந்தாலும் குறைவாக இருக்க வேண்டும். ரத்தத்தின் நீர்ப்பகுதியில், அதாவது சீரத்தில், அளந்தால் குறைவாகத்தான் இருக்கிறது. சிவப்பணுக்களுக்குள் அளந்தாலோ குறைவதில்லை. சில ஆய்வுகளில் கூடுதலாகவே இருந்தது. சீரம் என்பது சட்டைப்பையில் இருக்கும் பணம் போல, நேற்றும் இன்றும் சாப்பிட்டதைக் காட்டும். சிவப்பணு ஏறத்தாழ நூற்றிருபது நாள் வாழ்வதால் அது வங்கிக் கையிருப்பு. நரம்புக்குழாய்க் குறையின் ஆபத்தை மதிப்பிட உலக சுகாதார நிறுவனம் 2015-இல் எல்லை வகுத்தது இந்தக் கையிருப்பை வைத்துத்தான்: லிட்டருக்கு 906 நானோமோல். பருமனான பெண்ணின் சட்டைப்பை மெலிந்திருப்பதைப் பார்த்து அவரை ஏழை என்று முடிவு கட்டியதும் பெரிய அளவுக்கு வழிவிட்டது. ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். பருமனான உடலில் சிவப்பணு அளவு திசுக்களின் நிலையை அதே நம்பகத்தோடு காட்டுகிறதா என்று ஐயப்படும் ஆய்வாளர்கள் உண்டு. அந்த ஐயம் நியாயமானது. ஆனால் ஐயம் சான்றாகிவிடாது.

சரி, மாத்திரை மலிவு, தண்ணீரில் கரையும் வைட்டமின், கூடுதலாகப் போனால் சிறுநீரில் போய்விடும், கொடுத்துவிட்டுப் போனால் என்ன என்று கேட்பார்கள். இப்படிக் கேட்பவர்கள் அற்பமானவர்கள் அல்லர். 1991 சோதனையை வழிநடத்திய நிக்கலஸ் வால்டே 2001-இல், அளவு கூடக்கூடப் பலன் கூடும் என்று கணக்கிட்டு, 0.4 மில்லிகிராம் 36 சதவீதமும் 5 மில்லிகிராம் 85 சதவீதமும் காக்கும் என்றார். பிள்ளைக்குத் திட்டமிடும் எல்லாப் பெண்களுக்கும் 5 மில்லிகிராம் கொடுக்கலாம் என்றும் வாதிட்டார். அது சீரத்து அளவுகளிலிருந்து நீட்டிக் கணித்த மாதிரி. நேரடி ஆய்வாகச் சீனாவில் 400 மைக்ரோகிராம் தந்த 79 சதவீதத்தோடு அந்த 36 ஒத்துப்போகவில்லை. கர்ப்பத்தில் அளவு கூடினால் பலனும் கூடிக்கொண்டே போகும் என்ற நம்பிக்கை இன்னோர் இடத்திலும் சோதிக்கப்பட்டது. கர்ப்பகால உயர் ரத்த அழுத்த நோய் வரக்கூடிய 2,464 பெண்களிடம், பி.எம்.ஐ. 35-ஐத் தாண்டியவர்கள் உட்பட, பல நாடுகளில் 4 மில்லிகிராமைச் சோதித்தார்கள். முதல் மூன்று மாதத்துக்குப் பிறகும் பிரசவம் வரை எடுத்தும் நோய் குறையவில்லை என்று 2018-இல் முடிவு வந்தது. பெரிய தீங்கும் தெரியவில்லை என்பதையும் சேர்த்தே சொல்லிவிட வேண்டும்.

தீங்கு பற்றிய என் கவலை நம் ஊர் சார்ந்தது. மாத்திரையில் இருக்கும் ஃபோலிக் ஆசிட் கீரையிலும் பயறிலும் இருக்கும் வடிவம் அன்று. கல்லீரல் அதை மாற்றித்தான் உடலுக்குத் தர வேண்டும். மனிதக் கல்லீரலில் அந்த நொதியின் வேகம் குறைவு. அளவு மிஞ்சினால் மாறாத ஃபோலிக் ஆசிட் ரத்தத்திலேயே சுற்றும். அதைவிடப் பெரிது வைட்டமின் பி12. பி12 குறைவால் வரும் ரத்தசோகையை ஃபோலிக் ஆசிட் திருத்திவிடும், நரம்புக்கு நேரும் சேதத்தைத் திருத்தாது. எச்சரிக்கை மணி நின்றுவிடும், தீ எரிந்துகொண்டிருக்கும். அமெரிக்க மருத்துவ நிறுவனம் 1998-இல் நாளுக்கு ஒரு மில்லிகிராம் என்று மேல்வரம்பு வைத்ததற்குக் காரணம் இதுவே. பால், முட்டை, மீன், கறி குறைவாகச் சாப்பிடும் நம் மக்களிடையே பி12 பற்றாக்குறை பரவலாக இருக்கிறது. மைசூரில் கர்ப்பிணிகளை ஆராய்ந்தபோது பத்தில் நான்கு பேருக்கு மேல் அது குறைவாக இருந்தது. அப்படிக் குறைந்தவர்களிடம் பி.எம்.ஐ.யும் கர்ப்பகாலச் சர்க்கரையும் கூடுதலாக இருந்தன. புனேவை ஒட்டிய கிராமங்களில், பி12 குறைந்து ஃபோலேட் உயர்ந்திருந்த தாய்மார்களின் பிள்ளைகளுக்கு ஆறு வயதில் இன்சுலின் எதிர்ப்பு மிக அதிகமாக இருந்ததை மருத்துவர் யாக்னிக்கின் குழுவினர் 2008-இல் காட்டினார்கள். இவை கவனித்துச் சொன்ன ஆய்வுகள். இதனால்தான் அது என்று நிறுவியவை அல்ல. ஆனாலும் பி12 பார்க்காமல் பெரிய மாத்திரையை அள்ளிக் கொடுப்பதற்கு முன் ஒரு கணம் நிற்க இவை போதும். பி12 குறைவே நரம்புக்குழாய்க் குறைக்குத் தனிக் காரணமாகலாம் என்பதும் இதில் சேர்கிறது.

பெரிய அளவு யாருக்கும் வேண்டாம் என்று இதற்குப் பொருள் இல்லை. முன்பு பாதிக்கப்பட்ட பிள்ளையைப் பெற்றவர், தனக்கோ கணவருக்கோ அந்தக் குறை இருப்பவர் ஆகியோருக்கு 4 அல்லது 5 மில்லிகிராம் என்பதில் பெரிய சர்ச்சை இல்லை. சர்க்கரை நோய் உள்ளவர், வலிப்புக்குச் சில மருந்துகள் எடுப்பவர், தலசீமியா போன்ற ரத்தநோய் உள்ளவர் ஆகியோருக்கும் பல மருத்துவர்கள் அதையே எழுதுகிறார்கள். எடை மட்டும் கூடியவருக்கு 5 மில்லிகிராம் எழுதும் மருத்துவரும் தவறு செய்தவர் ஆகமாட்டார். சர்வதேச மகப்பேறு மருத்துவர் கூட்டமைப்பு 2020-இல் குறைந்தது 0.4 மில்லிகிராம், மருத்துவர் விரும்பினால் 5 வரை என்று இடம் விட்டே எழுதியது. எழுதிக்கொடுத்த மாத்திரையை இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு யாரும் நிறுத்த வேண்டாம். எனக்கு இது எதற்காக, பன்னிரண்டு வாரம் முடிந்த பிறகும் வேண்டுமா, பி12-ம் சர்க்கரையும் பார்த்தாயிற்றா என்று கேட்கலாம், கேட்க வேண்டும்.

எல்லைக்கோட்டிலும் நமக்கென்று ஒரு சிக்கல் உண்டு. பிரிட்டிஷ் வழிகாட்டி சொன்ன 30 ஐரோப்பிய உடல்வாகுக்கு வகுத்த எல்லை. இந்திய மருத்துவர்கள் 25-ஐத் தாண்டினாலே பருமன் என்கிறார்கள், ஏனென்றால் குறைந்த எடையிலேயே நமக்குச் சர்க்கரை வருகிறது. ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் 40.4 சதவீதம் பேர் அந்த 25-ஐ எட்டியவர்கள். எடைதான் அளவுகோல் என்று வைத்துக்கொண்டால் மாநிலத்தில் பத்தில் நான்கு பெண்களுக்கு 5 மில்லிகிராம் என்றாகும். நடைமுறையில் அதைத் தாண்டியே போய்விட்டோம். தெருமுனை மருந்துக்கடையில் ஃபோலிக் ஆசிட் என்று கேட்டால் ஒல்லியானவர் கைக்கும் பருமனானவர் கைக்கும் பெரும்பாலும் வருவது 5 மில்லிகிராம் மாத்திரையே. 400 மைக்ரோகிராம் தனி மாத்திரையைத் தேடித்தான் வாங்க வேண்டும்.

மாத்திரையைத் தொடங்கும் நாள் விஷயத்திலோ எங்கும் நிலைமை மோசம். இங்கிலாந்தில் ஏறத்தாழ ஐந்து லட்சம் கர்ப்பிணிகளின் பதிவுகளைப் பார்த்தபோது, கர்ப்பத்துக்கு முன்பே ஃபோலிக் ஆசிட் எடுத்தவர்கள் 1999–2001-இல் 35 சதவீதம். 2011–12-இல் அது 31 சதவீதமாகக் குறைந்திருந்தது. எந்த அளவு என்று வல்லுநர்கள் வாதிட்டுக்கொண்டிருந்த காலத்தில் மூன்றில் இரண்டு பங்குப் பெண்கள் உரிய நாளில் எந்த அளவையும் எடுக்கவில்லை. எடை கூடியவர்களிடையே இந்தப் பழக்கம் இன்னும் குறைவு என்று டப்ளினில் கண்டார்கள். எடையைப் பற்றிப் பேச்சு வரும் என்று அஞ்சி மருத்துவரைத் தள்ளிப்போடுவது அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம் என்பது என் ஊகம். பிரிட்டன் இப்போது வெள்ளைக் கோதுமை மாவில் ஃபோலிக் ஆசிட் சேர்க்கச் சட்டம் இயற்றி, 2026 இறுதிக்குள் கட்டாயமாக்குகிறது. திட்டமிடாத கர்ப்பத்துக்கும், மருத்துவரைத் தேடிப் போகாத பெண்ணுக்கும் அது தானே போய்ச் சேரும். நம்மிடம் ரத்தசோகை ஒழிப்புத் திட்டத்தில் கர்ப்பத்துக்கு முன்பிருந்தே 400 மைக்ரோகிராம் என்று எழுத்தில் இருக்கிறது. ஆனால் கிராம சுகாதாரச் செவிலியரின் பதிவேட்டில் ஒரு பெண்ணின் பெயர் ஏறுவதே நாள் தள்ளிப்போன பிறகுதான். மகப்பேறு உதவித்தொகைக்குப் பன்னிரண்டு வாரத்துக்குள் பதிந்தால் போதும். குழாய் மூடும் நாளோ அதற்கு ஆறு வாரம் முன்பே கடந்துவிடுகிறது. திருமணம் முடிந்த மாதத்திலோ, முதல் பிள்ளைக்குத் தடுப்பூசி போட வந்து அடுத்த பிள்ளையைப் பற்றிப் பேசும் அன்றோ, கருத்தடை வளையத்தை எடுக்க வரும் நாளிலோ அந்தச் சிறிய மாத்திரையைக் கையில் கொடுத்து, கூடவே பி12-க்கும் சர்க்கரைக்கும் ஒரு குழாய் ரத்தம் எடுத்துவிட்டால், எடை எத்தனை கிலோ என்று கேட்கும் முன்பே வேலையில் பெரும்பகுதி முடிந்திருக்கும்.